அப்பாவைப் படமெடுத்த மகன்



சினிமா இயக்குநர் சத்யஜித் ராய் உங்களில் பலருக்கும் தெரிந்தவர். அவர் எடுத்த இரண்டு சிறிய ஆவணப்படங்களைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். கடைசியில் நம் கள்ளக்குறிச்சிக்கும் நம் வீட்டுக்கும் வந்துவிடுவேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் படம் 1976-இல் வந்த 'பாலா'. சென்னையின் பரதநாட்டிய மேதை டி. பாலசரஸ்வதியைப் பற்றியது. வீணை தனம்மாளின் பேத்தி அவர். தாயார் ஜெயம்மாள் பாட, மகள் ஆடுவார். ஏழு வயதில், 1925-இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். ராய் படமெடுத்தபோது அவருக்கு வயது 58. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அவர் அபிநயம் பிடிப்பதை இன்றும் நாம் பார்க்கலாம். 1984-இல் பாலா காலமானார். இன்னும் ஒன்பது வருடம் தள்ளிப்போட்டிருந்தால் இந்தப் படமே இல்லை.

இரண்டாவது படம் 1987-இல் வந்த 'சுகுமார் ராய்'. இது தன் சொந்த அப்பாவைப் பற்றி மகன் எடுத்தது. சுகுமார் வங்காளக் குழந்தைகள் இன்றும் சொல்லும் வேடிக்கைப் பாட்டுகளை எழுதியவர், ஓவியர். இங்கிலாந்து போய் அச்சுக்கலையும் புகைப்படக் கலையும் படித்தவர். 1923-இல் காலா அசார் நோயால் 35 வயதில் இறந்தார். அப்போது சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அப்பாவின் நூற்றாண்டுக்குப் படமெடுத்தபோது மகனுக்கு வயது 66. கையில் இருந்தவை பழைய புகைப்படங்கள், அப்பா வரைந்த படங்கள், எழுத்துகள் மட்டுமே. அவர் நடப்பதையோ சிரிப்பதையோ காட்ட வழியில்லை. உலகம் கொண்டாடிய இயக்குநருக்கே அந்த நிலை!

இப்போது நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டம் ஆனது. 2021-இல் நம் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு தொழிலின் பெயரைத்தான் காப்பாற்றும். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, வாகை மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடினால் சுவாமி முகத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் வயதான ஆசாரிகளின் கையில் இருக்கிறது. கல்வராயன் மலையிலும் அப்படித்தான். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று அங்குள்ள மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வாயால் வந்த சரித்திரம், சொல்பவரோடு போய்விடும்.

என் அம்மா தாலாட்டு நன்றாகப் பாடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்டுத்தான் தூங்கினார்கள். இன்று என்னிடம் இருப்பது அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டிய ஒரு புகைப்படம். முதல் இரண்டு அடிக்கு மேல் பாட்டும் எனக்கு நினைவில்லை. வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. சினிமாப் பாட்டு கேட்கத்தான் அதை வைத்திருந்தோம்.

நம் குடியிருப்பில் கோலம் போடுபவர், கூத்துப் பாட்டு தெரிந்தவர், தச்சு வேலை பார்த்தவர் என்று எத்தனையோ பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனை எடுத்து அவர்கள் எதிரே வையுங்கள். முகத்தை மட்டுமல்ல, கையையும் படமெடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வங்கியில் இத்தனை வருடம் இருந்தவன் சொல்கிறேன், தேதி இல்லாத வவுச்சர் கணக்கில் ஏறாது. பிறகு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ராய்க்குக் கிடைக்காத வசதி இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது.