நலநுண்ணுயிரிகளும் குழந்தைகளின் அடங்கா வலிப்பும்

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு, வழக்கமான மருந்துகளோடு உயிருள்ள நுண்ணுயிரிகளையும் உண்ணக் கொடுப்பது புரோபயாடிக் துணைச் சிகிச்சை எனப்படும். தகுந்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால் அது அடங்கா வலிப்பு என்பது பன்னாட்டு வலிப்பெதிர்ப்புச் சங்கம் 2010இல் தந்த வரையறை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நிலை. புரோபயாடிக் துணைச் சிகிச்சையை மாற்று மருத்துவம் என்பது பிழை, இதில் வழக்கமான மருந்து நிற்பதில்லை.

வலிப்புக்கு வயிற்றைப் பார்க்கும் வழக்கம் புதிதன்று. 1911இல் பாரிசில் குல்பாவும் மாரியும் 20 நோயாளிகளைப் பட்டினி போட்டு, வலிப்பு தணிவதைப் பதிவு செய்தனர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் ஊரில், ஹியூ காங்க்லின் என்ற எலும்பு-தசைச் சீர்முறை மருத்துவர் இன்னும் துணிந்தார். குடற்சுவரிலுள்ள பேயர் திட்டுகளில் ஒரு நஞ்சு ஊறி இரத்தத்தில் கலக்கிறது, அதுவே வலிப்பு என்பது அவர் கொள்கை. குடலுக்கு ஓய்வு கொடுக்க, குழந்தைகளையும் 25 நாள் வரை வெறும் தண்ணீரில் வைத்தார். பத்து வயதுக்கு உட்பட்டோரில் 90 விழுக்காட்டினர் குணமடைந்ததாக அவர் சொன்ன கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனாலும் அவரிடம் மகனை விட்டுப் பலன் கண்ட நியூயார்க் வழக்கறிஞர் சார்லஸ் ஹவுலண்டு, ஜான்ஸ் ஹாப்கின்சில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த தம் சகோதரரிடம் 5,000 டாலர் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அதே பேட்டில் கிரீக்கில்தான் கெல்லாக் என்ற மருத்துவர் தம் மருத்துவ விடுதியில் நோயாளிகளுக்குத் தயிர் ஊட்டிக்கொண்டிருந்தார். நஞ்சுக் கொள்கையும் தயிரும் ஓரூரிலேயே இருந்தும் வலிப்புச் சிகிச்சையில் ஒன்றுசேரவில்லை.

1921இல் மேயோ மருத்துவமனையின் வைல்டர், பட்டினியின் பலனைச் சாப்பிட்டுக்கொண்டே பெறலாம் என்று கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவை முன்வைத்தார். அதே மருத்துவமனையின் பீட்டர்மன் 1925இல் அளவு வகுத்தார்: எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதி கொழுப்பு. இப்பத்தியத்தில் பிள்ளைக்கு ஒரு கைப்பிடிச் சோறுகூடக் கணக்குப் பார்த்துத்தான். 1938இல் ஃபெனிட்டாயின் வந்ததும் பத்தியம் ஒதுங்கியது, 1990களில் மீண்டது.

கீட்டோ உணவின் பலனில் குடல் நுண்ணுயிரிகளின் பங்கு கவனம் பெற்றது 2018இல். கலிபோர்னியாவில் எலைன் சியாவோ குழுவினர் கீட்டோ உணவு தந்த சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிரிகளை எதிருயிரியால் அழித்தபோது, வலிப்புக்கு எதிரான காப்பும் போய்விட்டது. அக்கர்மான்சியா, பாராபாக்டீராய்டஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் அது திரும்பியது. ஒன்று மட்டும் போதவில்லை. மூளையின் ஹிப்போகாம்பசில் நரம்பைத் தூண்டும் குளூட்டமேட்டை விட, அடக்கும் காபாவின் விகிதம் கூடியிருந்தது. சுண்டெலிகளிலேனும் கீட்டோ உணவின் காப்புக்குக் குடல் நுண்ணுயிரிகள் தேவை என்பது இதனால் தெரிந்தது.

மனிதரில், ஸ்பெயினில் 45 பேருக்கு நான்கு மாதம் புரோபயாடிக் கொடுத்ததில் 28.9 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. குழந்தைகளிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். சுண்டெலியில் பலித்த இரண்டும் வேறு. வயிற்றுப்போக்குக்கு வாங்கும் பொட்டலத்தைப் பிரித்தால் நிறைந்திருப்பது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப்பொருள். கீட்டோ பத்தியத்திலுள்ள பிள்ளைக்கு அதுவும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், பெரிய இரத்தக்குழாயில் குழல் செருகியவர்களுக்கும் இந்த நுண்ணுயிரிகளே இரத்தத்தில் நுழைந்து தொற்றாவதுண்டு. புரோபயாடிக்கை நம்பி வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம்.