மணிக்கூட்டின் உள்ளே

பழைய பைக்கடிகாரம் ஒன்று நம் கையிற் கிடைக்குமாயின் நம்முள் எழும் முதற் கேள்வி, அது என்ன விலை பெறும் என்பதே. சந்தை நமக்குக் கற்பித்த கேள்வி அது. வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இதனைச் செய்தவர் யார்? பணங்கொடுத்து வாங்கியவர் யார்? யாருடைய நேரத்தை இது அளந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பைக்கடிகாரம் இக்கேள்விகளுக்கு ஓரளவு விடை தரவல்லது. ஆயின், அதனை வாசிக்கும் முறையை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

கூட்டைக் கண்டு கடிகாரத்தை முடிவுசெய்வது பலரும் இழைக்கும் தவறு. அக்கால அமெரிக்காவில் இயந்திரத்தைச் செய்தது ஒரு நிறுவனம். கூட்டைச் செய்தது பெரும்பாலும் மற்றொரு நிறுவனம். வாங்குபவர் கடையில் தம் வசதிக்கேற்ப இரண்டையும் தனித்தனியே தெரிந்து பொருத்துவித்தார். ஆதலால் கூட்டின் உள்மூடியிற் காணும் பெயரும் இலக்கமும் கூட்டுக்கே உரியன. அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் 20 ஆண்டு, 25 ஆண்டு என்னும் உத்தரவாதமும், மலிவான உலோகத்தின்மேற் போர்த்த பொற்றகடு அதுவரை தேயாது என்பதையே குறிக்கும்.

பார்க்கவேண்டியது இயந்திரத் தகட்டிற் பொறித்த தொடரிலக்கம். அதுவே கடிகாரத்தின் பிறப்புச் சான்று. மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வோல்தம் தொழிற்சாலையின் இலக்கங்கள் 1877 அளவிற் பத்து இலட்சத்தையும், 1900 அளவில் ஒரு கோடியையும் எட்டின. இலக்கங்கள் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டமையால் அவை காட்டும் ஆண்டு அண்ணளவானதே. அடுத்துக் கவனிக்கவேண்டியவை அளவும் கல்லும். 18 ஆம் அளவு இயந்திரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1.77 அங்குலம், 16 ஆம் அளவினது 1.7 அங்குலம். சக்கரங்களின் அச்சுகள் சுழலும் துளைகளிற் பதித்த கற்கள் 7, 15, 17, 21 என வேறுபடும். உராய்வைக் குறைத்து இயந்திரத்தின் ஆயுளை நீட்டுவது அக்கற்களின் பணி.

இனிப் பெயருக்கு வருவோம். வோல்தம் கடிகாரம் ஒன்றின் தகட்டில் ‘வில்லியம் எல்லெரி’ என்றிருப்பதைக் கண்டு, அதனைச் செய்த கம்மியரின் பெயர் அதுவென மயங்குதல் கூடும். எல்லெரி, 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட அரசியலாளர். 1820 இல், அத்தொழிற்சாலை தோன்றுவதற்கு முன்பே, மறைந்தவர். ‘அப்பிள்ற்றன் திறேசி’ என்றிருப்பின், அது முதலிட்ட பங்காளிகளின் பெயர். ‘பி. எஸ். பாட்லற்’ என்றிருப்பின், அது தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரின் பெயர். இவையெல்லாம் தரத்தைப் பிரித்தறிய நிறுவனம் இட்ட பெயர்கள். அரசியலாளருக்கு இடமிருந்தது, முதலாளிக்கு இடமிருந்தது, மேற்பார்வையாளருக்கும் இடமிருந்தது. கடிகாரத்தைச் செய்த கைகளுக்கு மட்டும் தகட்டில் இடம் இருக்கவில்லை.

அக்கைகள் யாருடையவை? ஏரன் டென்னிசன், எட்வேட் ஹவாட் முதலியோர் 1850 இல் றொக்ஸ்பரியில் இம்முயற்சியைத் தொடங்கினர். ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையில் ஒரே அச்சான உறுப்புகளைக் கொண்டு துப்பாக்கிகள் செய்யப்பட்ட முறை டென்னிசனின் சிந்தனையைத் தூண்டியது. ஐரோப்பாவில் அன்று கடிகாரத்தின் உறுப்புகள் சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் சிதறியிருந்த பலரால் ஆக்கப்பட்டன. தொழிற்பிரிவினையை விளக்க, 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் கடிகாரத் தொழிலை உதாரணமாகக் கொண்டது இதனாலேயே. அமெரிக்கர்களோ அவ்வேலைகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து இயந்திரங்களிடம் ஒப்படைத்தனர். 1854 இற் சாள்ஸ் ஆற்றங்கரையிலுள்ள வோல்தமுக்குத் தொழிற்சாலை இடம்பெயர்ந்தது. 1857 இல் நிறுவனம் முறிந்தது. றோயல் றொபின்ஸ் என்னும் வணிகர் அதனை ஏலத்தில் எடுத்தார். வழிகண்ட டென்னிசன் சில ஆண்டுகளில் அங்கிருந்து விலக்கப்பட்டார்.

1876 இற் பிலடெல்பியாக் கண்காட்சியில் வோல்தமின் தானியங்கித் திருகாணி இயந்திரங்களைக் கண்டு சுவிற்சர்லாந்தினர் திகைத்தனர். அவர்கள் அனுப்பிய பொறியியலாளர் ஜாக் டேவிட், அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து நீண்ட அறிக்கை எழுதினார். அவ்வியந்திரங்களின் முன் அமர்ந்திருந்த தொழிலாளரிற் பெரும்பகுதியினர் பெண்கள். கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் திருகாணிகளையும் கற்களையும் ஆண்களிலும் குறைந்த கூலிக்குக் கையாண்டவர்கள் அவர்கள்.

செய்தவரை விட்டு வாங்கியவரை நோக்குவோம். 1891 ஏப்பிரில் 18 ஆம் நாள் ஒகாயோ மாநிலத்துக் கிப்ரன் என்னுமிடத்தில் இரு புகையிரதங்கள் மோதிச் சாரதிகளும் அஞ்சல் ஊழியர் பலரும் மாண்டனர். பணியாளர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியமையே காரணம் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. அதன்பின் வெப் போல் என்னும் கடிகார வணிகர் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். புகையிரதக் கடிகாரத்துக்கான விதிகள் இறுகின. குறைந்தது 17 கல். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேற் பிழையாமை. தெளிந்த பெரிய எண்கள். முட்கள் தவறி நகராதபடி, முகப்புக் கண்ணாடியைக் கழற்றி நெம்பை இழுத்தே நேரத்தைத் திருத்தும் அமைப்பு. இவ்வடையாளங்கள் ஒருசேரக் காணப்படின், அது புகையிரதச் சேவைக்கெனச் செய்யப்பட்டதென ஊகிக்கலாம். விதியை வகுத்தது கம்பனி. கடிகாரத்தின் விலையைக் கொடுத்ததோ பொதுவாகத் தொழிலாளி. பல இடங்களில் அது அவன் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்பட்டது. தன்னைக் கண்காணிக்கும் கருவியைத் தன் கூலியிலேயே வாங்கியவன் அவன்.

தொழிலாளி தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்ட நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. ஆபிரகாம் லிங்கனின் பொற்கடிகாரம் அமெரிக்க இயந்திரம் கொண்டதன்று, இலிவர்ப்பூலிலிருந்து வந்தது. 1861 ஏப்பிரிலில் அது வாஷிங்டன் கடையொன்றிற் பழுதுபார்க்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து குடியேறிய ஜோனதன் டில்லன், சம்ரர் கோட்டை தாக்கப்பட்ட செய்தி கேட்டு, முகப்பின் கீழ் மறைந்திருந்த தகட்டிற் சில சொற்களைப் பொறித்தார். அடிமைமுறை செத்தது என்று தாம் எழுதியதாக 1906 இல், முதுமையில், அவர் பத்திரிகைக்குக் கூறினார். 2009 மார்ச் 10 ஆம் நாள் வாஷிங்டன் நூதனசாலையில் அக்கடிகாரம் திறக்கப்பட்டது. டில்லனின் பெயரும், ஏப்பிரில் 13 என்ற நாளும், கோட்டை தாக்கப்பட்ட செய்தியும், நமக்கு ஓர் அரசாங்கம் உண்டு என்பதற்கான இறைநன்றியும் அங்கே இருந்தன. அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

முதியவர் பொய்யுரைத்தார் என நாம் கொள்ளவேண்டியதில்லை. ஒன்றியத்தைக் காக்கவெனத் தொடங்கிய போர் 1865 இல் அடிமைமுறையின் ஒழிப்பில் முடிந்தது. போரின் முடிவு அவர் நினைவினுட் புகுந்து அதன் தொடக்கத்தையே மாற்றி எழுதிவிட்டது. தகடு 1861 இன் சான்று. நினைவு 1906 இன் சான்று. இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் ஆகாது. மாணவருக்கு நாம் கற்பிக்கவேண்டிய முறையியல் இதனுள் அடங்கிவிடுகின்றது.

வோல்தம் தொழிலாளர் 1924 இற் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 1957 இல் அங்கு கடிகார உற்பத்தி நின்றது. அவர்கள் செய்த கடிகாரங்களுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று நம் கைக்கு வருமாயின், மூடியைத் திறந்து இலக்கத்தைக் குறித்துக்கொள்வோம், ஆண்டை அறிவோம். பின்னர், அந்த இலக்கத்தின் அருகே பெயர் பொறிக்கப்படாமற் போனவர்கள் யார் என்று கேட்போம். விலையை விசாரிப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.