பென்டிரைவ் போட்ட ஃபிளாப்பி வேஷம்

2008 டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து ஸ்ரீராம்புரம் போயிருந்தேன். தங்கை வீட்டுப் பொட்டி கறுப்புத் திரையில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்ற வரியோடு நின்றுகொண்டிருந்தது.

"கடையில கேட்டேண்ணா. ஃபார்மேட் பண்ணிடலாம்னு சொல்றாங்க" என்றாள்.

ஃபார்மேட்டா! முந்தைய வருடம் தவறிப்போன அப்பா, என் பையனுக்காகச் சொல்லிப் பதிவு செய்த கதைகள் அந்த வன்தட்டில் மட்டும்தான் இருந்தன. சிடி டிரைவும் படுத்துவிட்டது. கையில் இருந்தது சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய 1 ஜிபி பென்டிரைவ். மாப்பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப்பில் பப்பி லினக்ஸை இறக்கி, கோப்புகளை அதில் காப்பி செய்து செருகினேன். ம்ஹூம். கர்சர் மட்டும் கண்சிமிட்டியது.

ஏன் என்று கேட்டால் 1981-க்குப் போகணும். அந்த வருடம் வந்த ஐபிஎம் பிசிக்கு ஃபிளாப்பியின் முதல் 512 பைட்டைப் படித்து, அதை அப்படியே ஓட்டத்தான் தெரியும். கோப்பு, ஃபோல்டர் எல்லாம் அதற்குப் புரியாது. 1983-இல் வன்தட்டோடு எக்ஸ்டி வந்தது. அதே 512-க்குள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், கடைசி முத்திரைக்கு 2 பைட் போனது. மிச்சம் 446. மூணு எஸ்எம்எஸ்ஸைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! அந்த இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, தன்னைவிடப் பெரிய ஆளைக் கூப்பிட்டு வருகிற ஆசாமிதான் பூட்லோடர்.

அப்புறம் வந்தவர்கள் யாரும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை, வேஷம்தான் கட்டினார்கள். 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் எழுதிய 'எல் டொரிட்டோ' விதிப்படி சிடி தன்னை ஃபிளாப்பி என்று சொல்லிக்கொண்டது. (எல் டொரிட்டோ என்பது ஒரு மெக்ஸிகன் ஓட்டலின் பெயர்!) 2000-இல் எங்கள் ஊர் ட்ரெக் நிறுவனம் 'தம்டிரைவ்' விற்க ஆரம்பித்தது. பென்டிரைவ் பரவியதும் பயாஸ்காரர்கள் யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-எச்டிடி என்று மூன்று வேஷம் கொடுத்தார்கள். தங்கை வீட்டுப் பொட்டியிலும் மூன்றும் இருந்தன. ஜிப் டிஸ்கை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பீட்டர் ஆன்வின் 1994-இல் சிஸ்லினக்ஸ் எழுதியது டாஸ் ஃபிளாப்பிக்காக. பென்டிரைவும் அதே ஃபேட் முறையில்தான் விற்பனைக்கு வந்தது. அதனால் ஃபிளாப்பி செத்த பிறகும் சிஸ்லினக்ஸுக்கு வேலை போகவில்லை.

இப்போது என் தப்பு தெரிந்திருக்கும். கோப்புகளைக் காப்பி செய்தால் அந்த முதல் 512 பைட்டில் எதுவும் எழுதப்படாது. சிஸ்லினக்ஸ் கட்டளையோடு 'எம்', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்க்கணும். முதலாவது அந்த 446-ஐ எழுதும், இரண்டாவது 'இந்தப் பார்ட்டிஷனிலிருந்து கிளம்பு' என்று குறி வைக்கும். டிரைவ் எழுத்து மாறினால் மாப்பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப் காலி! மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் என்டரைத் தட்டினேன். சிடிக்கான ஐசோலினக்ஸ் அமைப்புக் கோப்புக்குச் சிஸ்லினக்ஸ் என்று பெயர் மாற்றி, பயாஸில் யுஎஸ்பி-எச்டிடியைத் தேர்ந்தெடுத்தேன். பப்பி எழுந்து உட்கார்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய யுஇஎஃப்ஐ பொட்டிகளுக்கு ஃபேட் முறையில் உள்ள கோப்பைத் தேடிப் படிக்கத் தெரியும். அன்று நான் தப்பாகச் செய்த வெறும் காப்பியே இன்று பல லினக்ஸ்களுக்குப் போதும்.

அப்பாவின் பதிவுகள் பதினான்கு. பன்னிரண்டு முழுசாக வந்தன. மிச்ச இரண்டும் பாதியில் நின்றுவிடும். அதில் ஒன்றில் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது. முடிவு என்ன என்று பையன் கேட்டபோது, நானே ஒன்று கட்டிச் சொன்னேன்.