"கீழ்ப்படிவேன்" - ஒரு வார்த்தையின் கதை

1947 நவம்பர் 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. இளவரசி எலிசபெத் தன் திருமணத்தில் பிலிப்பை நேசிப்பதாகவும், பேணுவதாகவும், அவருக்குக் கீழ்ப்படிவதாகவும் வாக்குக் கொடுத்தார். பிலிப் சொன்ன வாக்கில் அந்த மூன்றாவது மட்டும் இல்லை. ஐந்தரை வருடம் கழித்து, 1953 ஜூன் 2-ல், அதே அபேயில் முடிசூட்டு விழா. இப்போது பிலிப் ராணியின் முன்னால் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்தார். யார் யாருக்குக் கீழ்? போதாக்குறைக்கு இங்கிலாந்து திருச்சபையின் உச்ச ஆளுநர் என்ற பட்டமும் ராணிக்குத்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சபையில் ஒரு பெண் குருவாக முடியாது!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

திருமணத்தில் மணமகள் மட்டும் கீழ்ப்படிவதாகச் சொல்லும் வாசகம் 1549-ல் வந்த பொது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தொகுத்தவர் கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். (இவரே குருக்களுக்குத் திருமணம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், 1532-ல், ஜெர்மனியில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்தத் தடை சட்டப்படி நீங்கியதும் அதே 1549-ல்தான்.) இந்த ஏற்பாட்டுக்கு வேத ஆதாரமாகக் காட்டப்படுவது எபேசியர் நிருபம் 5-ம் அதிகாரம், 22-ம் வசனம். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்வது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளில் இரண்டு, சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் சுவடியும் நான்காம் நூற்றாண்டு வத்திக்கான் சுவடியும். இரண்டிலும் 22-ம் வசனத்தில் "கீழ்ப்படி" என்ற வினைச்சொல்லே கிடையாது! முந்தைய 21-ம் வசனத்திலிருந்து அதைக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். அந்த 21-ம் வசனம் சொல்வது என்ன? எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்பது. ஆக மனைவிக்கென்று தனியாக ஒரு சொல் இல்லை, எல்லோருக்குமான சொல்தான் அவளுக்கும். வசன எண்கள்கூட 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. பிற்காலப் பதிப்புகள் பல 21-க்கும் 22-க்கும் நடுவில் ஒரு தலைப்பையும் போட்டுப் பிரித்துவிட்டன. அடுத்த வசனத்தில் கணவனைத் தலை என்று சொல்லியிருக்கிறதே என்று மறுதரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் அதே பகுதி கணவனிடம் கேட்பது மனைவிக்காகத் தன்னையே கொடுக்கும் அன்பை. என்னைக் கேட்டால் அது கீழ்ப்படிதலைவிடப் பெரிய கடன்.

வணிகவியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த வார்த்தை வெறும் ஆன்மீகமாக நிற்கவில்லை. இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே நபர், அந்த நபர் கணவன். கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. அவள் சம்பளம்கூட அவனுடையது. ஜெபப் புத்தகத்திலோ மணமகன்தான் தன் உலகப் பொருளையெல்லாம் அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்வார்! 1870-ல் சம்பளத்தையும், 1882-ல் சொத்து முழுவதையும் பெண்ணே வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. அதன்பிறகும் பலிபீடத்தில் வாசகம் மாறவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாக்குறுதி வைத்த திருத்தப் புத்தகத்தை 1927-லும் 1928-லும் நாடாளுமன்றம் நிராகரித்தது (காரணம் வேறு, நற்கருணை பற்றிய சண்டை). ஆனாலும் பல சபைகள் அதைப் பயன்படுத்தின.

வீட்டுக்குள் மாறிக்கொண்டிருந்தது பலிபீடத்துக்குப் பின்னால் மாற இன்னும் நாளானது. முதல் பெயர் இங்கிலாந்துப் பெயரே இல்லை. ஃபுளோரன்ஸ் லி டிம்-ஓய், ஹாங்காங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நடுநிலையாக இருந்த மக்காவ் அகதிகளால் நிரம்பியிருந்தது, அங்கே போய்ச் சேர ஒரு குருவாலும் முடியவில்லை. ஜப்பான் படைகள் சூழ்ந்த பகுதியைத் தாண்டிப் பயணம் செய்து, 1944 ஜனவரி 25-ல் பேராயர் ரொனால்ட் ஹால் கையால் அவர் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபைகளில் முதல் பெண் குரு. போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஹாலுக்கு நெருக்கடி வரக்கூடாது என்று 1946-ல் லி தன் உரிமத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டத்தை மட்டும் துறக்கவில்லை. கீழ்ப்படிதல் பற்றி அத்தனை பிரசங்கம் செய்த ஆண்களில் எத்தனை பேர் இப்படிப் பதவியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்?

அவர் 1992 பிப்ரவரியில் டொரண்டோவில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 11-ல் இங்கிலாந்து திருச்சபை பெண்களைக் குருக்களாக்க வாக்களித்தது. 1994 மார்ச் 12-ல் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் பட்டம் பெற்றார்கள். பெண் பேராயர் வர 2015 ஆனது. இதில் நம்ம ஊர் முந்திக்கொண்டது: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு 2013-லேயே புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார்.

2025 அக்டோபரில் கிரான்மர் உட்கார்ந்த அதே கான்டர்பரி ஆசனத்துக்கு சாரா முல்லாலி என்ற முன்னாள் செவிலியர் அறிவிக்கப்பட்டார். கல்யாண வாக்கில் அந்த வார்த்தை இன்றும் விருப்பப்பட்டால் சொல்லலாம் என்ற அளவில் இருக்கிறது. டயானா 1981-ல் சொல்லவில்லை, சாரா ஃபெர்குசன் 1986-ல் சொன்னார். ஆனால் குருவாகும் ஆண்கள் தங்கள் பேராயருக்குக் கீழ்ப்படிவதாகச் செய்யும் பிரமாணத்துக்கு இப்படி விருப்பத் தேர்வு எதுவும் கிடையாது, அந்தப் பேராயர் பெண்ணாக இருந்தாலும்.