இதய நோயாளிகளுக்குச் செய்யப்படும் புராஸ்டேட் அறுவை சிகிச்சை

பெருத்த புராஸ்டேட் சுரப்பி சிறுநீரை அடைக்கும்போது, சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தித் திசுவைச் செதுக்கி எடுக்கும் அறுவை டி.யு.ஆர்.பி. எனப்படுகிறது. வயிற்றில் கத்தி படுவதில்லை என்றாலும் இதயத்துக்கு இது சிறிய அறுவை அல்ல. புராஸ்டேட் வீக்கம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவை பெரும்பாலும் ஒரே வயதில் வருகின்றன.

கழுவுநீரும் இதயமும்

அறுவையின்போது பார்வை தெளிவாக இருக்கச் சிறுநீர்ப்பைக்குள் திரவம் இடைவிடாமல் பாய்ச்சப்படுகிறது. தொடக்கக் காலத்தில் இதற்குச் சுத்த நீரே பயன்பட்டது. அது ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைப்பதை 1947-இல் கிரீவி என்ற மருத்துவர் விளக்கினார். பின்னர் 1.5 சதவீத கிளைசின் கரைசல் புழக்கத்துக்கு வந்தது. இதிலும் சோடியம் இல்லை.

வெட்டுண்ட சிரைகள் வழியே நிமிடத்துக்குச் சுமார் 20 மி.லி. திரவம் உடலுக்குள் போகலாம். ஒரு மணி நேரத்தில் அது ஒரு லிட்டரைத் தாண்டும். பலவீனமான இதயம் இந்தச் சுமையைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ரத்த சோடியமும் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது 120-க்குக் கீழே போனால் ஈ.சி.ஜி. மாறலாம், மேலும் இறங்கினால் துடிப்பு சீர்கெட்டு இதயமே நின்றுவிடலாம். இதுவே டி.யு.ஆர்.பி. நோய்க்குறித்தொகுப்பு.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தால் நோயாளி விழித்திருப்பார். அவர் அமைதியிழப்பது, குமட்டுகிறது என்பது, பேச்சில் குழம்புவது, பார்வை மங்குகிறது என்பது ஆகியவை முதல் எச்சரிக்கைகள்.

பிற காரணங்கள்

முதுகு ஊசி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்; பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு இது ஆபத்தாகலாம். உயர்த்தி வைத்த கால்களை அறுவை முடிந்து இறக்கும்போதும் அழுத்தம் சரியும். குளிர்ந்த கழுவுநீரால் வரும் நடுக்கம் இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டும். ரத்த இழப்பும் சேர்ந்தால் மாரடைப்பு வரலாம். அறுவைக்குப் பிந்தைய மாரடைப்பு பல நேரங்களில் நெஞ்சுவலியே இல்லாமல் வருவதால், முதல் மூன்று நாள்கள் கவனம் தேவை.

தடுப்பு முறைகள்

செதுக்கும் நேரம் ஒரு மணிக்குள் அடங்குவது நல்லது. திரவப் பையைச் சுமார் 60 செ.மீ. உயரத்துக்கு மேல் தொங்கவிடாமல், உட்சென்ற அளவையும் வெளிவந்த அளவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருமுனை மின்கருவி, ஹோல்மியம் லேசர் ஆகிய முறைகளில் 0.9 சதவீத உப்புக் கரைசல் பயன்படுவதால் சோடியம் குறையும் அபாயம் நீங்கியது. திரவச் சுமை அபாயம் முழுமையாக நீங்கவில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஒருமுனை மின்கருவியைவிட இருமுனைக் கருவி பாதுகாப்பானது.

நீண்டகால விளைவு

திறந்த அறுவையைவிட டி.யு.ஆர்.பி.க்குப் பின் நீண்டகால இறப்பு அதிகம் என்று 1989-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. நோயாளிகளுக்கு முன்பே இருந்த பிற நோய்களே அந்த வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

மருந்துகளும் காத்திருப்பும்

மாரடைப்புக்குப் பின் குறைந்தது 60 நாள்கள், மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தபின் வழக்கமாக 6 மாதங்கள் அல்லது அதற்கு மேல், அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பர். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தப்போக்கும், நிறுத்தினால் ஸ்டென்ட் அடைப்பும் நேரலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நோயாளி தானாக நிறுத்தக் கூடாது.