ஓசி வகுப்பு - ஒரு சின்ன வரலாறு

2015. காலேஜ் ரெண்டாவது வருஷம். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் எடுத்துக்கிட்டிருந்த சார் பாதி செமஸ்டர்ல வேலையை விட்டுட்டுப் போயிட்டார். பதிலுக்கு வந்தவர் புத்தகத்தைப் பார்த்து போர்டுல எழுதுவார், நாங்க போர்டைப் பார்த்து நோட்டுல எழுதுவோம். அவ்வளவுதான் வகுப்பு.

எங்களைக் காப்பாத்தினது ஹாஸ்டல்ல ரூம் ரூமா சுத்திக்கிட்டிருந்த ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். எந்த சீனியர் விட்டுட்டுப் போனதுன்னு யாருக்கும் தெரியாது. வடிவேலு காமெடி, நாலஞ்சு மலையாளப் படம், அதுக்கு நடுவுல ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு என்.பி.டி.இ.எல். இன்னொண்ணு எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லீங்க, மாசசூசெட்ஸ்!) பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் லீனியர் ஆல்ஜீப்ரா எடுத்த வீடியோக்கள். 1999-ல படம் பிடிச்சது. சாக்பீஸ், கரும்பலகை, ஒரு மனுஷன். வேற ஒண்ணும் கிடையாது. மேட்ரிக்ஸ்னா என்னன்னு எனக்கு முதல் தடவையா புரிஞ்சது அன்னைக்குத்தான். இன்னைக்கு நான் வாங்குற சம்பளத்துல அந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு பங்கு உண்டு.

இதையெல்லாம் எவன் எதுக்கு சும்மா குடுத்தான்னு அப்ப யோசிக்கவே இல்ல. பின்னாடி தேடிப் படிச்சப்ப, கதை சுவாரசியமா இருந்துச்சு.

1990-களின் கடைசி. டாட்காம் ஜுரம் உச்சத்துல இருந்த நேரம். பாடத்தை இணையத்துல வித்தா கோடி கோடியா கொட்டும்னு பெரிய பெரிய பல்கலைக்கழகங்களே நம்பின காலம். 2000-ல கொலம்பியா பல்கலைக்கழகம் 'ஃபேதம்'னு ஒரு கம்பெனியே ஆரம்பிச்சுது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி பெரிய கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்தாங்க. போட்ட காசு திரும்பல. 2003-ல கடையைச் சாத்திட்டாங்க.

அதே நேரத்துல எம்.ஐ.டி-யும் ஒரு குழு போட்டு அதே கேள்வியைக் கேட்டுச்சு: இணையத்துல நாம என்ன செய்யலாம்? கணக்குப் போட்டுப் பார்த்தவங்களுக்கு லாபம் தேறும்னு தோணல. அப்ப வந்த யோசனைதான், "விக்க வேணாம், சும்மாவே குடுத்துடலாம்". 2001 ஏப்ரல்ல தலைவர் சார்லஸ் வெஸ்ட் அறிவிச்சார். திட்டத்துக்குப் பேரு ஓப்பன் கோர்ஸ்வேர், சுருக்கமா ஓ.சி.டபிள்யூ. பேர்லயே ஓசி இருக்கு பாருங்க! :-)

2002-ல 50 பாடங்கள். 2003-ல 500. 2007-ல 1,800. எஞ்சினியரிங் மட்டும் இல்ல. வரலாறு, இசை, பொருளாதாரம், தத்துவம்னு அங்க நடத்துற கிட்டத்தட்ட எல்லாமே. ஹியூலெட், மெலன் அறக்கட்டளைகள் ஆரம்பத்துல பணம் குடுத்தாங்க.

இதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். அவங்க பாக்க மட்டும் விடல. எடுத்துக்கலாம், காப்பி பண்ணலாம், மொழிபெயர்க்கலாம். வித்துக் காசு மட்டும் பண்ணக்கூடாதுன்னு உரிமத்துலயே எழுதிக் குடுத்தாங்க. அதாவது எங்க ஹாஸ்டல் ஹார்ட் டிஸ்க்குல வடிவேலு திருட்டு, ஸ்ட்ராங் சுத்தமான சொத்து.

நம்ம ஊர்லயும் சும்மா இருக்கல. 2003-ல ஏழு ஐ.ஐ.டி-களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து, மத்திய அரசுப் பணத்துல என்.பி.டி.இ.எல் ஆரம்பிச்சாங்க. முக்கியப் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி-க்கு. நுழைவுத் தேர்வுல தோத்தவனும் ஐ.ஐ.டி வாத்தியார்கிட்ட படிக்கலாம்ங்கிறது சாதாரண விஷயமா?

அடுத்த திருப்பம் 2011. ஸ்டான்ஃபோர்டுல செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்துல திறந்து விட்டாங்க. சேர்ந்தவங்க சுமார் 1,60,000 பேர். முடிச்சவங்க சுமார் 23,000 பேர். "பாதிக்கு மேல ஓடிட்டான்"னு சிரிக்கிறவங்க சிரிக்கலாம். ஆனா 23,000 பேர் உட்கார்ற வகுப்பறை உலகத்துல எங்க இருக்கு?

அதைப் பார்த்ததும் பணம் வந்துச்சு. 2012-ல உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ். எல்லாரும் 'இலவசம்'னுதான் ஆரம்பிச்சாங்க. 2016 ஜூன்ல கோர்செரா தன்னோட பழைய தளத்தை மூடினப்ப, புதுசுக்கு மாறாத பாடங்கள் அப்படியே போச்சு. 2018 கடைசியில எட்எக்ஸ், இலவசமாப் படிக்கிறவங்களுக்கு மதிப்பெண் தேர்வுகளை எடுத்துட்டு, இத்தனை நாள்தான்னு கெடுவும் வச்சுது. எம்.ஐ.டி-யும் ஹார்வர்டும் லாப நோக்கமில்லாம ஆரம்பிச்ச அதே எட்எக்ஸ், 2021-ல 80 கோடி டாலருக்கு டூ-யூங்கிற கம்பெனிக்குக் கைமாறிச்சு. அந்தக் கம்பெனி 2024-ல திவால் மனு போட்டுச்சு.

அவங்களைத் திட்டறதுக்காக எழுதல. சர்வருக்குக் கரண்ட் பில் கட்டணும், பரீட்சை வைக்க ஆள் வேணும், தெரியும். என்.பி.டி.இ.எல்-கூட 2014-ல இருந்து சான்றிதழ் பரீட்சைக்குக் காசு வாங்குது. ஆனா பாடத்துக்கு வாங்கல. வீடியோ யாருக்கும் திறந்தேதான் கிடக்கு. அந்தக் கோட்டை அவங்க தாண்டல.

என் கட்சி இதுதான். 'இலவசம்'ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கதவைத் திறந்து வைக்கிறது. நாளைக்கே சாத்திக்கலாம். இன்னொண்ணு, கையிலயே குடுத்துடறது. குடுத்தவனே மனசு மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. பெயர் தெரியாத சீனியர் ஒருத்தர் எங்களுக்கு விட்டுட்டுப் போக முடிஞ்சது ரெண்டாவது வகையைத்தான்.

ஸ்ட்ராங் 1962-ல எம்.ஐ.டி-யில வாத்தியாராச் சேர்ந்தவர். 2023 மே மாசம், 88 வயசுல, கடைசி வகுப்பு எடுத்தார். அந்த வீடியோவை ஆஃபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து பார்த்தேன். முடிச்சதும் எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. டீ ஆறிப் போச்சு, நானும் எழுந்து நின்னேன். பக்கத்து டேபிள்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

சித்தி பொண்ணு இப்ப எஞ்சினியரிங் முதல் வருஷம். பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம். அதே ஸ்ட்ராங் வீடியோவைக் காட்டினேன். "அண்ணா, கணக்கு புரியுது, அவர் பேசறதுதான் புரியல"ன்னா. சுருக்குனு இருந்துச்சு. மொழிபெயர்த்துக்கோன்னு 2001-லயே முடிவு பண்ணிக் குடுத்துட்டாங்க. நாமதான் இன்னும் முழுசா எடுத்துக்கல.

முதல் வகுப்புக்குத் தமிழ்ல சப்டைட்டில் எழுத உட்கார்ந்திருக்கேன். பத்து நிமிஷம் முடிஞ்சிருக்கு. ஐகன்வெக்டருக்கு நல்ல தமிழ்ச் சொல் யாராவது வச்சிருந்தா சொல்லுங்க மக்கா, புண்ணியமாப் போகும்.