கையொப்பமும் கடன்பத்திரமும்: தமிழ் நூல் வெளியீட்டில் வாசகர் பொருளுதவி

பழம்புலவன் பாடி முடித்த பின்னர்ப் பரிசில் பெற்றான். அச்சுக் காலத்துப் புலவனோ நூல் வெளிவருமுன்னரே பொருள் தேட வேண்டியவனானான். ஏட்டில் எழுதுவதற்கு ஓலையும் எழுத்தாணியும் உழைப்பும் போதும். அச்சிடுவதற்குத் தாளும், அச்சுக் கோப்போர் கூலியும், கட்டடச் செலவும் முன்கூட்டியே வேண்டும். இந்த முன்பணத்தை யார் தருவது என்னும் வினாவே கடந்த இரு நூற்றாண்டுத் தமிழ் நூல் வெளியீட்டு வரலாற்றின் உள்நரம்பாக ஓடுகிறது எனலாம். அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் இரண்டை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரவலர் துணை

1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத் தொழிலுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன்பின் தமிழர் தாமே அச்சுக்கூடங்களை நிறுவிப் பழநூல்களை வெளியிடும் முயற்சி விரைவு பெற்றது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்தார். திருக்கோவையார் உரை, திருக்குறள் பரிமேலழகர் உரை முதலிய அவருடைய பதிப்புகளுக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் துணை நின்றார். கருவி புதிதாயினும் உறவு பழையதே. ஊர்தோறும் நடந்து வள்ளலைக் கண்ட பாணனின் நிலையிலிருந்து பதிப்பாசிரியர் நிலை பெரிதும் வேறுபட்டுவிடவில்லை.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வள்ளல் ஒருவர் மனங்கொண்டால் நூல் எழும். அவர் மறுத்தால் கையெழுத்துப் படி பெட்டியிலேயே கிடக்கும். ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி இதற்குத் தக்க சான்றாகும். பலரை அணுகியும் உதவி கிட்டாத நிலையில், பாண்டித்துரைத் தேவர் முன்வந்த பின்னரே 1910இல் அது வெளிவந்தது. ஒருவருடைய இசைவைச் சார்ந்து ஒரு கலைக்களஞ்சியமே காத்திருந்தது.

கையொப்பம் என்னும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வள்ளல் ஒருவரை மட்டுமே நம்பாது, வாசகர் பலரைச் சிறுசிறு தொகைக்கு நாடும் வழக்கம் வலுப்பெற்றது. அதற்குக் 'கையொப்பம்' என்பதே பெயர். வெளிவரப்போகும் நூலின் பெயரையும் விலையையும் குறித்து ஆசிரியர் அறிக்கை விடுப்பார். வாங்க இசைந்தோர் கையொப்பமிடுவர். சிலர் பணத்தை முன்னரே தருவர். சிலர் நூல் கைக்கு வந்ததும் தருவர். வெளியூர்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் நண்பர்களும் கையொப்பம் சேர்த்துக் கொடுப்பர். கையொப்பக்காரர் பெயர்களை நூலிலேயே அச்சிடுவதும் உண்டு.

அக்கால அச்சுத் தொழிலின் இயல்போடு பொருத்தி நோக்கினால் இம்முறையின் தேவை விளங்கும். ஈய எழுத்துகள் அளவாகவே இருந்தன. சில பக்கங்களைக் கோத்து அச்சிட்டு முடித்த பின் அவ்வெழுத்துகளைக் கலைத்தே அடுத்த பக்கங்களைக் கோக்க இயலும். ஆகவே தாளும் கூலியும் படிப்படியாகத் தேவைப்பட்டன. பணம் நின்றால் வேலையும் நின்றது. மெய்ப்பு நோக்க ஆசிரியர் உடனிருக்க வேண்டியும் இருந்தது.

உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது அவருடைய மாத ஊதியம் ஐம்பது ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததே சீவக சிந்தாமணியை நோக்கி அவரைத் திருப்பியது. ஏழாண்டு கழித்து, 1887இல் அந்நூல் வெளிவந்தது. ஐம்பது ரூபாய் ஊதியக்காரர் ஒருவர் தம் செலவில் மட்டும் செய்து முடிக்கக்கூடிய பணி அன்று அது. அப்பதிப்புக்காகக் கையொப்பம் சேர்க்க அவர் பட்ட பாட்டை 'என் சரித்திரம்' விளக்குகிறது. கல்லூரிப் பணிக்கும் சென்னை அச்சுக்கூடத்துக்கும் இடையே அலைந்ததோடு, ஏடு தேடிய அதே கால்களால் கையொப்பமும் தேடினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சமணக் காப்பியம் ஒன்றைச் சைவர் ஒருவர் பதிப்பிக்க, சமயம் கடந்த பலர் ஆதரித்தனர். வள்ளல் ஒருவருடைய விருப்பு வெறுப்பு ஒரு நூலின் தலைவிதியைத் தீர்மானித்த நிலை மெல்லத் தளரலாயிற்று. கையொப்பமிட்டவர் அளித்தது விலைப்பணம் மட்டுமன்று. 'இந்நூல் வேண்டும்' என்னும் வாக்கும் ஆகும். பதிப்பாசிரியர்க்கு அவ்வாக்கு பணத்தினும் பெரிய ஊக்கம் தந்தது எனல் மிகையாகாது.

கடையத்து வேண்டுகோள்

பாரதியார் வாழ்வில் இவ்வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மாற்றுக் கருத்தினராயினும், பாரதியின் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். புதுச்சேரி வாழ்வின் இறுதிக் கட்டத்தில் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் பாரதி நூல்களை வெளியிட்டார். ஆயினும் கவிஞர் படைப்புகளின் பெரும்பகுதி கையெழுத்திலேயே இருந்தது.

1920இல் கடையத்தில் வாழ்ந்தபோது பாரதி நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம் எழுத்துகள் 40 நூல்களாக வகுக்கப்படும். ஒவ்வொன்றும் முதற்பதிப்பில் 10,000 படிகள் அச்சாகும். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓரிரு ஆண்டுகளில் ஒன்றரை இலட்சம் ரூபாய் ஆதாயம் கிட்டும் என்பது அவர் கணக்கு. நண்பர் ஒவ்வொருவரும் குறைந்தது நூறு ரூபாய் கடனாகத் தர வேண்டும். மேலும் பலரைத் தரத் தூண்டவும் வேண்டும். முத்திரையிட்ட கடன்பத்திரம் எழுதித் தருவதாகவும், மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் வட்டி தருவதாகவும் உறுதியளித்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் புகும் என்பது அவர் நம்பிக்கை.

இக்கணக்கைச் சற்று ஆராய்தல் தகும். நாற்பது நூல்கள் பத்தாயிரம் படிகள் எனில் மொத்தம் நான்கு இலட்சம் படிகள். இருபதினாயிரம் ரூபாயை அவற்றுக்குப் பங்கிட்டால் படிக்கு ஓர் அணாவும் தேறாது. ஆகவே முதலில் வரும் நூல்களின் விற்பனையைக் கொண்டே பிற நூல்களை அச்சிட எண்ணினார் எனக் கொள்ளலாம். கடன் முழுதும் சேர்ந்திருந்தால் வட்டி மட்டுமே மாதம் 400 ரூபாய் ஆகியிருக்கும். மறுபுறம், நூறு ரூபாய் வீதம் இருநூறு பேர் முன்வந்திருந்தால் அத்தொகை முழுதும் நிறைவேறியிருக்கும். தமிழகம் முழுவதிலும் இருநூறு பேர்! அத்திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். 1922இல் செல்லம்மா பாரதி முன்னின்று பாரதி ஆச்சிரமத்தின் வழியே சுதேச கீதங்களை வெளியிட்டார். அதன்பின் பாரதி பிரசுராலயம் அப்பணியைத் தொடர்ந்தது.

ஒப்பீடு தரும் தெளிவு

சாமிநாதையர் கேட்டது வாசகரின் கையொப்பம். பாரதி தர முன்வந்தது தம் கடன்பத்திரம். முன்னது ஒரு நூலுக்கு ஒரு விலை. கையொப்பமிட்டவர்க்கு நேரும் இழப்பு மிகச் சிறிது. பின்னது நாற்பது நூல்களுக்கு ஒரே கடன். நண்பர் அங்கே வாசகர் அல்லர், கடன் தருபவர். முன்னதில் இன்ன நூல் வரும் என்பது தெளிவு. பின்னதில் ஆதாயமே முன்னிறுத்தப்பட்டது. கவிதையை விரும்புவோர் அனைவரும் வட்டியை விரும்புவோர் அல்லர்; வட்டியை விரும்புவோர் கவிஞனின் கையிருப்பை எண்ணிப் பார்ப்பர்.

இது கொண்டு பாரதியைக் குறை கூறுதல் பொருந்தாது. பொதுமக்கள் பெருந்தொகையாக நூல் வாங்கும் காலம் ஒன்றை அவர் முன்னுணர்ந்தார். அக்காலம் பின்னர் வந்தது. அவர் பாடல்களின் பதிப்புரிமையை 1949இல் அரசே ஏற்கும் அளவுக்கு மக்கள் அவரைக் கொண்டாடினர். பிழை கணக்கில் இல்லை. அக்கணக்கு கேட்கப்பட்ட காலத்தில் உள்ளது. எண்ணற்ற வாசகரை அவர் நம்பினார். எண்ணி அறியத்தக்க இருநூறு பேர் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை தமிழ்ச் சமூகத்தினுடையது.

இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்றும், இணையவழி மக்கள் நிதி திரட்டல் என்றும் வழங்குவன கையொப்பத்தின் வழித்தோன்றல்களே. அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற அமைப்புகள் விரைவைக் கூட்டின; குறித்த தொகை சேராவிடில் எவரிடமும் பணம் பெறுவதில்லை என்னும் பாதுகாப்பையும் தந்தன. எனினும் அடிப்படை மாறவில்லை. வராத நூலுக்கு ஒருவர் பணம் தருகிறார் எனில் அவர் நூலையன்று, அதனை எழுதியவரின் சொல்லையே வாங்குகிறார்.

தம் முதல் தொகுதியைத் தம் செலவிலேயே அச்சிட்டுக் கட்டுக் கட்டாக வீட்டில் அடுக்கி வைக்கும் கவிஞர்க்கும், அவரை மேடையில் பாராட்டும் இலக்கிய வட்டங்களுக்கும் இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. பாராட்டுரை நூல் வெளிவந்த பின் வருவது. கையொப்பம் நூல் வெளிவருமுன் வருவது. அச்சுக்கூடத்துக்கு உதவுவது பின்னதே.